குழிக்கு ஓர் எண்

செப்டெம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை எட்டரை மணிக்கு, இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் அறுவடை முடிந்த ஒரு கோதுமை வயலின் ஓரத்தில் நாங்கள் ஏறத்தாழ முந்நூறு பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். ஆளுக்கொரு உலோகம் தேடும் கருவி கையில், ஹெட்போன் கழுத்தில், காலால் மிதித்து இறக்கும் சிறிய மண்வாரி தோளில். ஒழுங்கமைப்பாளர் ஒருவர் டிராக்டரின் பின்பெட்டியில் ஏறி நின்று ஒலிபெருக்கியில் விதிகளைச் சொன்னார். சிவப்பு நாடா கட்டிய மூலைக்குள் கால் வைக்கக்கூடாது. தோண்டிய குழியை மூடாமல் நகரக்கூடாது. ஒரே குழியில் இரண்டு காசுகள் சேர்ந்து வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கையை உயர்த்த வேண்டும். நான்கு மணிக்கு முன்னர் கண்டெடுத்தவற்றைக் கூடாரத்துக்குக் கொண்டுவந்து பதிய வேண்டும். ஒன்பது மணிக்கு வாகனத்தின் ஹோர்ன் ஒலித்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அரிதாளின் மேல் நடக்கத் தொடங்கினோம். சந்தைக் கூச்சலை எதிர்பார்த்துப் போயிருந்த எனக்கு அந்த வயலில் நிலவிய அமைதி வியப்பாக இருந்தது. ஒவ்வொருவரும் தத்தமது காதுக்குள் ஒலிப்பதைக் கேட்டபடி தலை குனிந்து நடந்தார்கள். அரிதாளில் கருவியின் வட்டம் உராயும் சரசரப்பு மட்டுமே வயல் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்படி ஒன்றுகூடுவதை இங்குள்ளவர்கள் ‘ரேலி’ என்கிறார்கள். பேரணி என்று எழுதினால் நம்மவருக்குக் கொடியும் கோஷமும் நினைவுக்கு வரும் என்பதால் நான் இதைத் தேடல் கூட்டம் என்றே எழுதுகிறேன். ஒரு சங்கமோ, சில நண்பர்களோ ஒரு விவசாயியிடம் பேசி, அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையிலுள்ள சில வாரங்களில் அவருடைய வயல்களை ஒரு நாளுக்கோ வார இறுதிக்கோ பெற்றுக்கொள்கிறார்கள். வருபவர்கள் நுழைவுக் கட்டணம் கட்டுகிறார்கள். அதில் ஒரு பகுதி விவசாயிக்கும், பல கூட்டங்களில் ஒரு பகுதி ஏதாவது ஒரு தொண்டுக்கும் போகிறது. பெறுமதியான பொருள் கிடைத்தால் கண்டவரும் காணிக்காரரும் பாதிப் பாதி என்று வாசலிலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். வருபவர்களில் ஓய்வுபெற்றவர்கள், லொறி ஓட்டுநர்கள், தாதியர், தந்தையும் மகளும் எனப் பலரும் இருப்பார்கள். பத்திரிகைகளில் வரும் தங்கப் புதையலுக்காகத்தான் இவர்கள் வருகிறார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நான் முதன்முதலாகப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது யாழ்ப்பாணத்திலிருந்த என் பெரியப்பாவும், “என்ன தம்பி, புதையல் கிண்டப் போறியோ? உது ஊரில செய்தா உள்ளுக்கை போடுவாங்கள்” என்றார். அவர் சொன்னது உண்மை. இலங்கையில் தொல்பொருள் சட்டத்தின்கீழ் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். புதையல் தோண்டியவர்கள் கருவியோடு கைதாகும் செய்தி அடிக்கடி வருகிறது. அயர்லாந்துக் குடியரசில்கூட 1987 முதல், தொல்பொருள் தேடி இந்தக் கருவியைப் பயன்படுத்த அரசின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காணிக்காரர் சம்மதித்தால், காக்கப்பட்ட தொல்லிடங்களைத் தவிர்த்து, சாதாரண மனிதன் ஒருவன் வயலில் இறங்கித் தேட முடிகிறது. இவ்வளவு பெரிய சுதந்திரத்துக்கு என்ன கைம்மாறு என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

கருவி வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தடியின் நுனியிலுள்ள வட்டத்துக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் பாய்ந்து மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சிறு சுழல் மின்னோட்டங்கள் எழுந்து தம் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தை உண்டாக்க, அதை இரண்டாவது சுருள் உணர்கிறது. திரும்பி வரும் அலை எவ்வளவு பிந்தி வருகிறது என்பது உலோகத்துக்கு உலோகம் வேறுபடும். இரும்பு தடித்த குரலில் உறுமும். நல்ல வெள்ளிக் காசு மணி தட்டியதுபோல் உயர்ந்து ஒலிக்கும். இடைப்பட்ட ஒலிகள்தாம் மனிதரைச் சோதிப்பவை. மெல்லிய தங்கமும், சொக்லேட் சுற்றிய தாளும், பானக் குவளையின் இழுவளையமும் ஏறத்தாழ ஒரே சுரத்தில் பேசும். குப்பையைத் தோண்ட மறுப்பவன் தங்கத்தையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் தோண்டுகிறோம். அன்று முற்பகல் முழுவதும் எனக்குக் கிடைத்தவை துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைப் பிட்டங்கள், ஈயக் குண்டு ஒன்று, உடைந்த குதிரைச் சேண வளையம், தேய்ந்து வழுக்கையாகிப்போன மூன்றாம் ஜோர்ஜ் காலத்துச் செப்புக் காசு, ஆறு பொத்தான்கள்.

மதியத்துக்குப் பிறகு, ஓடைப் பக்கமாகச் சரியும் நிலத்தில் ஒரு குரல் கேட்டது. உயரமான ஒலியாக இல்லாவிட்டாலும் இரண்டு திசையிலிருந்து வீசியபோதும் மாறாத ஒலி. சதுரமாக நாலு பக்கமும் வெட்டி மண்கட்டியைப் புரட்டினேன். உலோகம் கிடக்கும் புள்ளியைக் காட்டும் சிறிய கைக்கருவியைக் குழிக்குள் விட்டேன்; அது அமைதியாக இருந்தது. புரட்டிய கட்டியின் பக்கம் கொண்டுபோனதும் அதிர்ந்தது. ஈரமண்ணை விரலால் உதிர்த்தபோது, என் சுண்டுவிரலின் பாதி நீளத்தில், வளைந்த, கரும்பச்சை நிறமான ஒரு துண்டு வெளியே வந்தது. வில் போல வளைந்த அதன் முதுகில் ஒரு கோடு ஓடியது. ஊசி இருக்க வேண்டிய இடம் முறிந்திருந்தது. அது ஆடையைத் தோளில் பிணைக்கப் பயன்படும் ரோமர் காலத்து ஊசிப் பதக்கம் என்று பக்கத்தில் தேடிக்கொண்டிருந்த ஒரு முதியவர் சொன்னார். ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ ஒருவர் தோளிலிருந்து கழன்று விழுந்த பொருள் அது. கை நடுங்க அதை இடுப்புப் பைக்குள் போட்டேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் அதே பைக்குள், நகத்தளவுள்ள ஒரு ரோமச் செப்புக் காசும், நான்கில் ஒன்றாக வெட்டப்பட்ட இடைக்கால வெள்ளிக் காசுத் துண்டும், ஓர் ஈய முத்திரையும் போய்ச் சேர்ந்தன. நான் செய்த தவறு அந்தப் பைதான்.

நான்கு மணிக்குக் கூடாரத்தில் வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னால் தராசு, அளவுகோல், பூதக்கண்ணாடி, மடிக்கணினி ஆகியவற்றுடன் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மாவட்டம்தோறும் இப்படி ஒருவர் இருக்கிறார்; கண்டெடுப்பவர்களுக்கும் தொல்லியலாளர்களுக்கும் இடையில் நின்று பேசுவதும் பொருள்களைப் பதிவதும் அவர்களுடைய பணி. என் பதக்கத்தை அவர் உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். முகம் மலர்ந்தது. அதன் வகையைச் சொன்னார். கிட்டத்தட்ட எந்தத் தலைமுறையில் அணியப்பட்டிருக்கும் என்பதையும் சொன்னார். பின்னர், “எங்கே கிடைத்தது?” என்று கேட்டார். ஓடைப்பக்கம் என்று கைநீட்டிக் காட்டினேன். “எந்த இடத்தில்?” என்று மறுபடி கேட்டார். நான் காட்டிய திசையில் நாற்பது ஏக்கர் வயல் கிடந்தது. பைக்குள் இருந்த நான்கு பொருள்களில் எது முதலில் வந்தது, எது வேலியோரத்தில் வந்தது என்றுகூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஊரின் பெயரை மட்டும் தட்டச்சு செய்து, இடத்துக்குரிய எண்களை வெறுமையாக விட்டார்.

மாதங்கள் சில கழிந்த பின்னர் அதே அலுவலர் சங்கத்துக்கு வந்து அன்றைய பதிவுகளை வரைபடமாகக் காட்டினார். வயலின் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடக்க, ஓடையை ஒட்டிய சரிவில் மட்டும் புள்ளிகள் திரண்டிருந்தன: ரோமக் காசுகள், பதக்கத் துண்டுகள், ஈயத் துணுக்குகள். பாதையோரத்தில் மனிதர் குடியிருந்த இடமாக இருக்கலாம் என்றார். யாரும் அகழாத, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு குடியிருப்பு அந்தச் சிறு புள்ளிகளால் தலைகாட்டிக்கொண்டிருந்தது. என் பதக்கம் அதில் இல்லை. அது அழகானது, முழுமைக்கு நெருக்கமானது, என் வீட்டு மேசையில் சிறு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் அந்த வரைபடத்தில் அதற்கு ஒரு புள்ளி இல்லை. இனி வரவும் வழியில்லை.

இடம் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது என்பதற்குப் புரோம் நகர்க் காசுக்குடத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 2010 ஏப்ரலில் சமர்செற் மாவட்டத்தில் டேவ் கிறிஸ்ப் என்ற மருத்துவமனைச் சமையற்காரர் ஒரு வயலில் தேடிக்கொண்டிருந்தபோது, மண்ணுக்குள் ஒரு பானையின் வாய்ப்புறமும் அதற்குள் காசுகளும் தென்பட்டன. அவர் தோண்டுவதை நிறுத்தினார். குழியை மூடிவிட்டு அலுவலரை அழைத்தார். தொல்லியலாளர்கள் வந்து, அந்தக் குடத்தை அப்படியே தூக்க முயலாமல், உள்ளிருந்த காசுகளை அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்குக்கும் தனிப்பை என்று மூன்று நாள் எடுத்து வெளியே கொண்டுவந்தார்கள். மொத்தம் 52,503 காசுகள். எடை ஏறத்தாழ 160 கிலோ. எடுத்த முறைதான் கதையின் முக்கியமான பகுதி. ஆண்டாண்டாகச் சேமித்துப் போட்ட உண்டியலாக இருந்திருந்தால் பழைய காசு அடியிலும் புதிய காசு மேலேயும் இருந்திருக்க வேண்டும். ஆனால் காலத்தால் மிகப் பிந்திய, கரௌசியஸ் என்ற கலகப் பேரரசன் அடித்த காசுகளில் பெரும்பாலானவை குடத்தின் பாதிக்குக் கீழே கிடந்தன. அப்படியானால் அது ஒரே தடவையில், குடம் மண்ணுக்குள் வைக்கப்பட்ட பின்னர், பல சிறு கலங்களிலிருந்து கொட்டி நிரப்பப்பட்டிருக்க வேண்டும். மீட்டெடுக்கும் நோக்கமில்லாமல் தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கையாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. அன்று கிறிஸ்ப் அவசரப்பட்டுக் காசுகளை வாளியில் அள்ளியிருந்தால் 52,503 காசுகளும் நமக்கு இருந்திருக்கும். அவை சொன்ன செய்தி மட்டும் இருந்திராது.

மற்ற உதாரணம் என்னைப் போன்றவர்கள் கூடும் தேடல் கூட்டத்திலேயே நடந்தது. 2014 டிசெம்பர் 21ஆம் நாள், பக்கிங்ஹம்ஷயரிலுள்ள லென்பரோ என்ற இடத்தில், கிறிஸ்மஸுக்கு முந்திய ஒரு கூட்டத்தில், இரண்டடி ஆழத்தில் ஈயத் தகட்டால் சுற்றப்பட்ட காசுக் குவியல் ஒன்று கிடைத்தது. இரண்டாம் எத்தல்ரெட், கனூட் ஆகிய அரசர்களின் வெள்ளிக் காசுகள், 5,200க்கு மேல், பலவும் அச்சிலிருந்து இப்போதுதான் வந்தவைபோல. பதிவு அலுவலர் அன்று அங்கேயே இருந்தார். ஆனால் குளிர்காலப் பகல் குறுகியது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அறிந்துவிட்ட குழியை இரவு முழுவதும் காவலின்றி விட முடியாது என்று கருதி, அந்தப் பிற்பகலிலேயே காசுகள் வெளியே எடுக்கப்பட்டுப் பைகளில் போடப்பட்டன. தொல்லியலாளர் பலர் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். அங்கிருந்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாலை நாலு மணி இருட்டில், எல்லோரும் சூழ்ந்து நின்று கைபேசியில் படம்பிடிக்க, குழிக்குள் வெள்ளி மினுங்கும்போது ‘நிறுத்துங்கள்’ என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நான் உணர்கிறேன். ஆயினும் ஒரு கேள்வியை விட்டுவிட முடியாது. இத்தனை பேரை வயலில் இறக்கத் திட்டமிட முடிந்தவர்களுக்கு, பெரிதாக ஒன்று கிடைத்தால் அன்றிரவு யார் காவலுக்கு நிற்பார்கள் என்பதையும் திட்டமிட முடியாதா? இன்று பொறுப்பாக நடத்தப்படும் கூட்டங்களில் அந்த ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவைக்கிறார்கள். வாயிலில் நான் முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான்.

நிறுத்தத் தெரிந்தவர்களில் முன்னோடி என்று நான் கருதுவது எரிக் லாஸை. 1992 நவெம்பர் 16ஆம் நாள், நான் நின்ற அதே சஃபோக் மாவட்டத்தில், ஹொக்ஸ்ன் என்ற கிராமத்தில், விவசாயி ஒருவர் தொலைத்துவிட்ட சுத்தியலைத் தேடிக் கொடுக்கப் போனவர் அவர். கண்டது ரோமர் காலத்துத் தங்கச் சங்கிலிகளும் வெள்ளிக் கரண்டிகளும் காசுகளும். சிலவற்றை எடுத்ததும், இது தன் மண்வாரிக்கு உரிய வேலை அல்ல என்று உணர்ந்து நிறுத்தி, அறிவித்தார். மறுநாள் தொல்லியலாளர்கள் எஞ்சியதை முறையாக அகழ்ந்தபடியால் மக்கிப்போன மரப்பெட்டியின் அளவும், அதற்குள் பொருள்கள் அடுக்கப்பட்டிருந்த ஒழுங்கும், கிண்ணங்களுக்கு இடையில் வைத்த வைக்கோலும்கூடத் தெரியவந்தன. ஏறத்தாழ பதினையாயிரம் காசுகள் அதில் இருந்தன. மதிப்பிடப்பட்ட பதினேழரை இலட்சம் பவுணை அவர் விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தப் புதையலைப் பார்க்கப் போன தமிழர் யாரும் ஒரு பெட்டியின் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நிற்பார்கள் என்று நினைக்கிறேன். அதில் வெள்ளியாலான மிளகுச் சிமிழ்கள் நான்கு இருக்கின்றன. ஒன்று, அலங்கரித்த கூந்தலோடு கையில் சுருளேடு பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் மார்பளவு உருவம். அடியில் திருப்பக்கூடிய ஒரு தட்டு உண்டு. ஒரு நிலையில் அது மூடியிருக்கும். ஒரு நிலையில் பெரிய துளை திறந்து மிளகை நிரப்ப விடும். இன்னொரு நிலையில் சிறு துளைகளால் தூவ விடும். அந்த மிளகு நம் தெற்கின் மலைச்சரிவுகளில் விளைந்து, சேரர் துறையில் கப்பலேறி, செங்கடலும் மத்தியதரைக் கடலும் தாண்டி, குளிர்ந்த இந்தத் தீவின் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. யவனர் பொன்னோடு வந்து கறியோடு திரும்பினர் என்று சங்கப் புலவர் பாடிய வணிகத்தின் மறுமுனை அந்தச் சிமிழ். நான் பையில் போட்ட நகத்தளவு ரோமச் செப்புக் காசைப் போன்றவை மதுரையிலும் கரூரிலும் இலங்கைக் கரைகளிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒரே கோட்டில் இணைத்துப் பேச முடிகிறது என்றால், எது எங்கே கிடைத்தது என்று யாரோ எழுதி வைத்ததனால்தான்.

சட்டம் இந்த நிலைக்கு வர நீண்ட காலம் பிடித்தது. 1980களின் நடுவில் சறே மாவட்டத்து வான்பரோவில் ஒரு ரோமர் காலக் கோயிலிடத்தை இரவு இரவாக ஆட்கள் கருவியோடு வந்து சூறையாடினார்கள். ஆயிரக்கணக்கான காசுகள் சந்தைக்குப் போய்விட்டன. பழைய சட்டத்தால் அவர்களைச் சரிவரத் தண்டிக்க முடியவில்லை. அதற்கு முன்பே தொல்லியலாளருக்கும் பொழுதுபோக்காளருக்கும் கடும் பகை. கருவியையே தடைசெய்ய வேண்டும் என்று 1980இல் ஒரு பரப்புரை நடந்தது. 1996இல் புதையல் சட்டம் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட, பத்து விழுக்காட்டுக்குக் குறையாத பொன்னோ வெள்ளியோ உள்ள பொருள், ஒன்றுக்கு மேற்பட்ட அத்தகைய காசுகள் ஆகியவற்றைக் கண்டவர் பதினான்கு நாளுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். இறந்தவர்களை விசாரிப்பவரிடமே இங்கு புதையலும் போகிறது. அருங்காட்சியகம் வாங்க விரும்பினால் சந்தை விலை மதிப்பிடப்பட்டுக் கண்டவருக்கும் காணிக்காரருக்கும் வழங்கப்படும். 2023 ஜூலை முதல், இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட, உலோகத்தாலான, வரலாற்றில் தனிச்சிறப்புள்ள பொருள்களும் சேர்க்கப்பட்டுள்ளன. என் பதக்கத்தைப் போல இந்த வரையறைக்குள் வராத பொருள்களை விருப்பத்தின்பேரில் பதிவதற்காக 1997இல் தொடங்கிய திட்டத்தில் இன்று பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றைக் கொண்டுவந்தவர்கள் இப்படி வயலில் நடந்த சாதாரண மக்கள்தாம். சட்டத்தை ஏய்த்தவர்களும் உண்டு. ஹெரிஃபோர்ட்ஷயரில் 2015இல் வைக்கிங் காலப் புதையல் ஒன்றைக் கண்டு மறைத்து விற்ற இருவர் 2019இல் நீண்ட சிறைத் தண்டனை பெற்றார்கள். அதிலிருந்த காசுகளில் பெரும்பகுதி இன்றுவரை திரும்பவில்லை.

எனக்கு இந்தக் கருவியின் ஒலி முதலில் அறிமுகமானது இங்கிலாந்தில் அல்ல. எங்கள் அம்மாவழிக் காணி இலங்கையின் வடக்கே முகமாலைக்குக் கிட்ட இருக்கிறது. போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின்னர் நான் ஊருக்குப் போனபோது, ஏ9 வீதியோரத்தில் சிவப்பு முனை அடித்த தடிகளுக்கு அப்பால், முகக் கவசமும் நீலநிற மார்புக் கவசமும் அணிந்த பெண்கள் முழந்தாளிட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். கண்ணிவெடி அகற்றுபவர்கள். பனைகள் தலையிழந்து நின்ற அந்த வெயிலில், கருவி ஒலித்ததும் ஒரு பெண் அதைக் கீழே வைத்துவிட்டு, ஒலித்த இடத்தை முதலில் அடையாளமிட்டார். பின்னர் மேலிருந்து தோண்டாமல், சற்றுத் தள்ளி இருந்து, பக்கவாட்டாக, மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டிக்கொண்டு போனார். கிடைத்தது ஒரு துப்பாக்கி ரவையின் கோது. அதற்கும் அதே பொறுமைதான். வெடி ஒன்று அகப்பட்டால் அதன் இடத்தை வரைபடத்தில் குறிப்பார்கள். ஏனென்றால் வெடிகள் பெரும்பாலும் வரிசையாகப் புதைக்கப்பட்டவை. இரண்டு மூன்றின் இடம் தெரிந்தால் நான்காவது எங்கே இருக்கும் என்று வரிசையே சொல்லிவிடும்.

இந்தப் பொழுதுபோக்குக்கும் அந்தப் பணிக்கும் மூதாதை ஒன்றேதான். ஜோசப் கொசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி பிரித்தானியாவில் அகதியாக இருந்தபோது 1941இல் வடிவமைத்த கண்ணிவெடி தேடும் கருவிகள் அடுத்த ஆண்டு எல் அலமெயின் போரில் பாலைவனத்தில் வழி திறந்தன. போருக்குப் பிறகு உபரியாக விற்கப்பட்ட இராணுவக் கருவிகளோடுதான் பலர் காசு தேடக் கிளம்பினார்கள். நான் சஃபோக் வயலில் பையைத் தலைகீழாகக் கொட்டி நின்றபோது முகமாலைப் பெண்ணின் கைகள் நினைவுக்கு வந்தன. அவருக்கு இடத்தை மறந்தால் உயிர் போகும். எனக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்பதால்தான் மறந்திருந்தேன்.

அமெரிக்காவில் பரவலாக நடக்கும் விதைத்த வேட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கயிறு கட்டிய ஒரு புல்வெளியில் ஒழுங்கமைப்பாளர்கள் முன்கூட்டியே காசுகளையும் எண்ணிட்ட வில்லைகளையும் புல்லுக்கடியில் அழுத்தி வைத்துவிடுகிறார்கள். விசில் ஊதியதும் நாற்புறமிருந்தும் எல்லோரும் இறங்கி, குறித்த நேரத்துக்குள் எடுப்பது எடுப்பவருக்கு, வில்லைக்குப் பரிசு. 1965க்கு முந்திய, தொண்ணூறு விழுக்காடு வெள்ளி கொண்ட பத்துச் சதக் காசுகளுக்குத் தனி மவுசு. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பேன். வரலாறில்லாத புல்தரையில் யார் எதை எடுத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் இங்கே சிலர் உண்மையான தேடல் வயலிலேயே கூட்டத்தைச் சுவைப்படுத்த, மலிவாக வாங்கிய பழைய ரோமக் காசுகளைத் தூவிவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. வேறொரு நாட்டு மண்ணில் கிடைத்த காசு இந்த வயலில் புள்ளியாக விழுந்தால், இல்லாத ஒரு குடியிருப்பு வரைபடத்தில் முளைத்துவிடும். எடுக்கப்படாமல் விடப்பட்டவை இன்னும் ஐம்பது ஆண்டு கழித்துத் தேடுபவரையும் ஏமாற்றும். வயலுக்குள் பொய் சொல்வதற்கு இது சமம்.

கூட்டங்களே வேண்டாம் என்று சொல்லும் தொல்லியலாளர்களின் வாதத்தையும் நான் மதிக்கிறேன். ஒரே நாளில் முந்நூறு பேர் எடுப்பதை ஓர் அலுவலர் பதிய முடியாது என்பது கணக்கு. மறுபக்கத்தில், உழவு மண்ணுக்குள் கிடக்கும் பொருள் பத்திரமாக இருக்கிறது என்று சொல்வதும் சரியல்ல. ஆண்டுதோறும் கலப்பை இழுத்து உடைக்கிறது, உரம் அரிக்கிறது. போதாக்குறைக்கு, நகரக் குப்பையிலிருந்து செய்த பச்சைக் கழிவு உரத்தைக் கொட்டிய வயல்களில் அரைபட்ட அலுமினியத் துணுக்குகள் கோடிக்கணக்கில் பரவி, எந்தக் கருவிக்கும் காது கேளாமல் செய்துவிடுகின்றன. எடுப்பதா வேண்டாமா என்று நாம் வாதாடுவதற்குள் அந்த நிலம் பேசாமலே போய்விடுகிறது. ஆகவே எடுப்போம் என்பதுதான் என் நிலைப்பாடு. உழவு மண்ணின் ஆழத்துக்கு மேலே மட்டும், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, பதிவு மேசையின் கொள்ளளவைப் பார்த்து நுழைவுச் சீட்டை விற்று. பதிவு அலுவலரைக் கலந்துகொள்ளாமல், பரிசுகளையும் உணவு வண்டிகளையும் மட்டும் விளம்பரப்படுத்தும் கூட்டங்களுக்கு நான் போவதில்லை. போன இடங்களில் தாகத்தோடு பதிவு வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றதும் உண்டு.

இப்போது வீட்டிலிருந்து புறப்படும்போதே என் பையில் ஜிப் வைத்த சிறு பிளாஸ்டிக் பைகள் நாற்பது இருக்கும்; ஒவ்வொன்றிலும் முதல் நாளிரவே அழியா மையில் எண் எழுதிவிடுகிறேன். மண்ணிலிருந்து பொருள் வந்தவுடன், அதைத் துடைத்துப் பார்க்கும் முன்னர், கைபேசிச் செயலியைக் குழியின் மேல் பிடித்து, வரைபடக் கட்டத்தில் அந்த இடத்தைக் காட்டும் பத்து இலக்க எண்ணைக் குறிக்கிறேன். பத்து இலக்கம் என்றால் ஒரு மீற்றர்ச் சதுரம். எட்டு என்றால் பத்து மீற்றர். பெரும்பாலான நாட்களில் பைகளில் நிறைவது பொத்தானும் ஈயமுமே. அலுவலர் அந்தப் பொத்தானுக்கும் எண்ணைக் கேட்பார்.

போன ஒக்டோபரில், மழைத் தூறலில், ஒரு குழி முழங்கை ஆழம் போன பின்னும் கருவி விடாமல் உயர்ந்து ஒலித்தது. உழவு மண்ணின் கருமை மாறி மஞ்சள் களிமண் தெரிந்தது. அதன் ஓரத்தில் பச்சைப் பூத்த, வளைந்த ஒரு விளிம்பு. இதயம் அடித்துக்கொண்டது. மண்வாரியைத் தூர வைத்துவிட்டுக் கையை உயர்த்தினேன். காவல் பொறுப்பிலிருந்த இளைஞர் ஒருவர் ஓடிவந்து குழியைச் சுற்றி நாடா கட்டினார். அலுவலர் வேறொரு வயலில் இருந்தார். வர ஐம்பது நிமிடம் பிடித்தது. அதுவரை நாங்கள் இருவரும் குழியை ஒரு பைத்துணியால் மூடி, முதுகில் மழை இறங்க, அந்த விளிம்பைத் தொடாமல் நின்றோம். அவர் வந்து வயிற்றுப்புறம் படுத்து, மரக்குச்சியால் களிமண்ணை நீக்கினார். விக்டோரியா காலத்துச் செப்புப் பாத்திரம் ஒன்றின் அடிப்பகுதி. நில வடிகால் வெட்டியபோது புதைந்திருக்க வேண்டும் என்றார். எழுந்து, கையிலிருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, வடிகால் போகும் திசையை ஒரு சிறு படமாக வரைந்தார். அதன் ஓரத்தில் என் பையின் எண்ணையும், பத்து இலக்கத்தையும் எழுதினார். பதினேழாம் இலக்கப் பை.